பயனர் சொல்லும் பெயரில் கோப்பைத் திறப்பதும் எழுதுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோன், பெகு, மோல்மேன் என்று பர்மாவின் பல ஊர்களில் பைத்தான் படிக்கத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம். முதல் சில வாரங்கள் எல்லாம் சுலபமாகப் போகும். "கோப்பின் பெயரைப் பயனரிடம் கேட்டு, அதைப் படித்து, பயனர் சொல்லும் வேறொரு பெயரில் எழுது" என்ற பயிற்சி வந்ததும் கேள்விகள் குவியும். அதுவரை நிரலுக்குள் எல்லாமே நாம் வைத்த பெயர்கள். இப்போதுதான் வெளியாள் ஒருவர் தன் வழக்கப்படி ஒரு பெயரைத் தருகிறார். அந்தப் பெயர் தமிழில் வரலாம், பர்மிய எழுத்தில் வரலாம், இடைவெளியோடும் மேற்கோளோடும் வரலாம்.

கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். மாறிகளுக்கு வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்கும்.

பயனர் சொல்லும் கோப்பைத் திறந்து படிக்க ஆகக் குறைந்த நிரல் எது?

பெயர் = இன்புட்("எந்தக் கோப்பைப் படிக்கட்டும்? ").ஸ்ட்ரிப்()
வித் ஓப்பன்(பெயர், "ஆர்", என்கோடிங்="யுடிஎஃப்-8") ஆஸ் கோப்பு:
    ஃபார் வரி இன் கோப்பு:
        பிரிண்ட்(வரி.ஆர்ஸ்ட்ரிப்())

நான்கே வரிகள். "ஸ்ட்ரிப்" பெயரின் இரு முனையிலும் ஒட்டிய வெற்றிடத்தை நீக்குகிறது. "வித்" உள்ளே இருக்கும் வேலை முடிந்ததும், நடுவில் பிழை வந்தாலும்கூட, கோப்பை மூடிவிடுகிறது. "என்கோடிங்" ஏன் என்பதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. இப்போதைக்கு, அதை எழுதாமல் ஒரு கோப்பையும் திறக்காதீர்கள்.

கோப்பு என் கண்முன்னே இருக்கிறது. நிரல் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. ஏன்?

இதுதான் முதல் நாளே வரும் கேள்வி. காரணங்கள் பல. அடிக்கடி காண்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நிரல் கோப்பைத் தேடும் இடம் நீங்கள் நினைக்கும் இடமாக இல்லாமல் இருக்கலாம். வெறும் "வரவு.டிஎக்ஸ்டி" என்று கொடுத்தால், நிரல் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறதோ அங்கேதான் பைத்தான் தேடும். நிரல் கோப்பு சேமிக்கப்பட்டிருக்கும் ஃபோல்டரில் தேடும் என்பது தவறான எண்ணம். சில எடிட்டர்களில் இரண்டும் ஒன்றாக அமையும், சிலவற்றில் அமையாது. செல்போனில் பைத்தான் ஓட்டுபவர்கள் இதில்தான் அதிகம் திணறுகிறார்கள். ஊகிக்க வேண்டாம். "ஓஎஸ்" தொகுதியில் "கெட்சிடபிள்யூடி" என்று கேட்டு, விடையைப் பிரிண்ட் செய்து பாருங்கள். தேடும் இடம் எது என்று நிரலே சொல்லிவிடும்.

அடுத்தது, மறைந்திருக்கும் வால். விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை இயல்பாகக் காட்டுவதில்லை. நோட்பேடில் சேமித்த கோப்பு திரையில் "வரவு" என்று தெரியும், அதன் உண்மையான பெயரோ "வரவு.டிஎக்ஸ்டி". பெயர் மாற்றும்போது அந்த வாலையும் சேர்த்துத் தட்டியிருந்தால் "வரவு.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி" ஆகியிருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பட்டியலில் பின்னொட்டைக் காட்டும் தெரிவு இருக்கிறது. நிரல் எழுதப் பழகுகிறவர்கள் கணினியில் முதலில் மாற்ற வேண்டிய அமைப்பு அதுதான்.

மூன்றாவது, மேற்கோள் குறி. விண்டோஸில் கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து அதன் பாதையை நகலெடுத்தால் இரட்டை மேற்கோளோடு சேர்ந்தே வரும். பயனர் அதை அப்படியே ஒட்டுவார். நிரலுக்கோ மேற்கோளும் பெயரின் ஒரு பகுதி. ஆகவே ஸ்ட்ரிப்புக்குப் பிறகு இன்னொரு ஸ்ட்ரிப், இந்த முறை மேற்கோளை நீக்க. பயனர் செய்ததில் தப்பே இல்லை. நிரல்தான் அதைத் தாங்க வேண்டும்.

பின்சாய்கோட்டைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. நிரலுக்குள் நீங்களே ஒரு பாதையை எழுதும்போது, பின்சாய்கோட்டுக்குப் பின் "என்" என்ற ஆங்கில எழுத்து வந்தால் பைத்தான் இரண்டையும் சேர்த்துப் புதுவரி என்று எடுத்துக்கொள்ளும், "டி" வந்தால் டேப். இன்புட் வழியே பயனர் தட்டும் பாதையில் இந்த மாற்றம் நடக்காது, தட்டியது தட்டியபடியே வரும். பயனர் தந்த பாதையில் பின்சாய்கோட்டை இரட்டிப்பாக்கும் வேலை தேவையே இல்லை.

பெயரை எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் தட்டினேன். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆனாலும் இல்லை என்கிறது. இது எப்படி?

தமிழில் பெயர் வைப்பவர்கள் என்றாவது ஒரு நாள் இதைச் சந்திப்பார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம்.

"கொடை" என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கும் பொது ஏற்பாடான யூனிகோடில் அதை க என்ற எழுத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் "கொ" என்றே தெரியும். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் விண்டோஸும் லினக்ஸும் கோப்புப் பெயரை ஒப்பிடும்போது அந்தச் சமத்துவத்தைப் பார்ப்பதில்லை. ஒரு விசைப்பலகை முதல் வகையிலும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தரும் ஒரு கருவி இரண்டாம் வகையிலும் எழுதியிருந்தால், உங்கள் கோப்பு உங்களுக்கே கிடைக்காது.

இதற்கு மருந்து "யூனிகோட்டேட்டா" என்ற தொகுதியில் இருக்கிறது. அதன் "நார்மலைஸ்" கட்டளைக்கு "என்எஃப்சி" என்ற வடிவத்தைச் சொன்னால், பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கித் தரும். பயனர் தந்த பெயரை மட்டும் அப்படி மாற்றினால் போதாது, வட்டில் இருக்கும் கோப்பின் பெயர் பிரிந்த வடிவத்தில் இருக்கலாம். ஃபோல்டரில் உள்ள பெயர்களை "லிஸ்ட்டிர்" கொண்டு வாங்கி, இரு பக்கத்தையும் நார்மலைஸ் செய்து ஒப்பிட்டு, பொருந்தியதை வட்டில் இருக்கும் வடிவத்திலேயே திறக்க வேண்டும்.

அந்த மருந்துக்கும் அடங்காதது "ஸ்ரீ". பெரும்பாலானவர்கள் அதை ஸ் என்ற எழுத்தில் தொடங்கித் தட்டுகிறார்கள். 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ஶ என்ற தனி எழுத்து சேர்க்கப்பட்டது. சில விசைப்பலகைகள் அதைக் கொண்டு ஸ்ரீயை எழுதுகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோட் இவற்றைச் சமம் என்று கொள்வதில்லை, எனவே நார்மலைஸ் தொடாது. இங்கே நம் கோவில் பெயர்களில் பெரும்பாலானவை ஸ்ரீயில்தான் தொடங்குகின்றன. கோவில் கணக்குக்கு நிரல் எழுதுகிறவர்கள் ஶ-வை ஸ-வாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே ஒப்பிட வேண்டும்.

பர்மிய எழுத்தில் பெயர் வைத்தால் ஸாஜீ தொல்லை. ஸாஜீ எழுத்துரு யூனிகோடில் பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய அதே எண்களைத் தன் விருப்பப்படி பயன்படுத்தியது. 2019 அக்டோபர் 1 முதல் அரசு அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் கிடக்கின்றன. ஸாஜீயில் வைத்த பெயரை யூனிகோட் விசைப்பலகையில் தட்டினால் பொருந்தவே பொருந்தாது. எது ஸாஜீ என்று கண்டுபிடிக்க கூகுள் வெளியிட்ட "மியான்மர் டூல்ஸ்" என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு உதவும். தொடக்க நிலையில் அதற்குள் இறங்க வேண்டாம், காரணத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத எழுத்துகள். பர்மிய வரிகளில் சொல்லுக்குச் சொல் அகலமில்லாத இடைவெளி போடும் வழக்கம் உண்டு. சமூக ஊடகத்திலிருந்தோ குறுஞ்செய்தியிலிருந்தோ பெயரை நகலெடுத்து ஒட்டினால் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்ட்ரிப் அதை நீக்காது, ஏனென்றால் பைத்தான் அதை வெற்றிடமாகக் கணக்கிடுவதில்லை. சந்தேகம் வந்தால் "ஆஸ்கி" என்ற கட்டளைக்குள் பெயரை வைத்துப் பிரிண்ட் செய்யுங்கள். ஒளிந்திருக்கும் ஒவ்வொரு குறியும் எண்ணாக வெளியே வந்துவிடும்.

இவ்வளவு சிக்கலா? இதைத் தவிர்க்க வழியே இல்லையா?

படிப்பதற்கு உண்டு. இருக்கும் கோப்பைப் படிக்கும்போது பயனரைத் தட்டச் சொல்லாதீர்கள். ஃபோல்டரில் உள்ள கோப்புகளை 1, 2, 3 என்று எண் போட்டுக் காட்டி, எண்ணை மட்டும் கேளுங்கள். மேலே சொன்ன அத்தனை சிக்கலும் ஒரே அடியில் போய்விடும். வயதானவர்களுக்கும் இது எளிது. புதிதாக எழுதும்போது மட்டும் பெயரைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் அங்கே பெயர் வைக்கும் உரிமை அவருடையது.

பயிற்சியில் "பெயரைத் தட்டச் சொல்" என்று இருந்தால் அப்படியே செய்யுங்கள். நிஜ வாழ்க்கைக்கு எழுதும்போது பட்டியலுக்கு மாறுங்கள்.

எழுதச் சொன்னேன். எழுதியது. ஆனால் அதே பெயரில் முன்பு இருந்த கணக்கு முழுவதும் போய்விட்டது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு மற்றதைவிட நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஓப்பன் கட்டளைக்கு "டபிள்யூ" என்ற முறையைக் கொடுத்தால், கோப்பு திறக்கும் அந்தக் கணமே உள்ளே இருந்த அனைத்தும் அழிகிறது. நீங்கள் ஒரு எழுத்துகூட எழுத வேண்டியதில்லை. அடுத்த வரியில் பிழை வந்து நிரல் நின்றாலும் அழிந்தது அழிந்ததுதான். பைத்தான் எச்சரிக்கை தராது, "உறுதியா?" என்று கேட்காது.

நாமே பெயர் வைக்கும்போது இதனால் பெரிய ஆபத்தில்லை. பெயரைப் பயனர் சொல்லும்போது நிலைமை வேறு. "தீமிதி வரவு" என்று போன வருடமும் பெயர் வைத்தார், இந்த வருடமும் அதையே சொல்வார். மனிதர்கள் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். 1964 தேசியமயத்துக்குப் பிறகு ஏராளமான தமிழர்கள் இந்த நாட்டைவிட்டுப் போனார்கள். இங்கேயே தங்கியவர்களின் கணக்கும் பெயர்ப்பட்டியலும் கைநோட்டில் இருந்தால், அதைப் பார்த்து ஒரு பெரியவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டியிருப்பார். ஒரே எழுத்தில் அந்த உழைப்பை அழிக்கும் நிரலை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அதற்காகவே "எக்ஸ்" என்ற முறை இருக்கிறது. கோப்பு இல்லாவிட்டால் உருவாக்கும். ஏற்கனவே இருந்தால் தொடாமல் "ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர்" என்ற பிழையைத் தரும். அந்தப் பிழையைப் பிடித்து, பயனரிடம் மூன்று வழி கேளுங்கள்: வேறு பெயர் சொல்கிறாரா, பழையதன் முடிவில் சேர்க்கட்டுமா, பழையதை அழித்துப் புதிதாக எழுதட்டுமா. முடிவில் சேர்க்க "ஏ" என்ற முறை. அழிக்கச் சொன்னால் மட்டும் "டபிள்யூ". வெறுமனே எண்டர் தட்டினால் எதையும் செய்யாமல் திரும்ப வேண்டும், அழிப்பதை இயல்பு விடையாக வைக்கவே கூடாது.

என் கருத்து ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறேன். தொடக்கப் பாடங்கள் டபிள்யூவை முதலில் சொல்லிக் கொடுப்பது தவறு. எக்ஸ் முதலில், ஏ அடுத்து, டபிள்யூ கடைசி. அந்த வரிசையில் பழகிய பிள்ளைகளின் கை தானாகவே பாதுகாப்பான முறைக்குப் போகும்.

"எக்ஸிஸ்ட்ஸ்" என்று கேட்டு, இல்லை என்றால் டபிள்யூவில் திறந்தால் போதாதா?

தனி ஆள் கணினியில் போதும். கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவே வேறொருவர் அதே பெயரில் கோப்பை உருவாக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். எக்ஸ் இரண்டையும் ஒரே செயலாகச் செய்வதால் அந்த இடைவெளி இல்லை. வரியும் ஒன்று குறைகிறது.

தமிழில் எழுதினால் "சார்மேப்" என்று ஏதோ பிழை வருகிறது. என் நண்பரின் லினக்ஸில் அதே நிரல் ஓடுகிறது. ஏன்?

என்கோடிங், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை எது என்று சொல்லாமல் திறந்திருக்கிறீர்கள். அப்போது பைத்தான் அந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் அது பொதுவாக யுடிஎஃப்-8. ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில் அது 1252 என்ற பழைய எழுத்துப் பட்டியல். அதில் தமிழுக்கு இடமே இல்லை, எனவே எழுத முடியாது என்று பிழை தருகிறது.

படிக்கும்போது நடப்பது இன்னும் விசித்திரம். "மழை" என்று மட்டும் உள்ள ஒரு யுடிஎஃப்-8 கோப்பை அந்தப் பட்டியலைக் கொண்டு படித்தால் பிழை வராது, புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வரும். "மண்" என்று இருந்தால் நிரல் நின்றேவிடும். காரணம் புள்ளி. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய மூன்றாவது பைட் பதினாறடிமான எண்ணில் 8டி. 1252 பட்டியலில் அந்த இடம் காலி. பிழைச் செய்தியில் 0எக்ஸ்8டி என்று கண்டால், ஒரு தமிழ்ப் புள்ளியில் நிரல் இடறியிருக்கக்கூடும் என்று சந்தேகியுங்கள். புள்ளியில்லாமல் தமிழில் ஒரு பத்தி எழுத முடியாது என்பதால் நம் கோப்புகள் பெரும்பாலும் நின்றுதான் போகும். அது நல்லதுதான், சத்தமில்லாமல் குப்பையாவதைவிட நிற்பது மேல்.

திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்="யுடிஎஃப்-8" என்று எழுதுவதே தீர்வு. பைத்தான் 3.15இலிருந்து யுடிஎஃப்-8 இயல்பாகிறது. ஆனால் பழைய பதிப்புகள் இன்னும் பல காலம் நம் கணினிகளில் இருக்கும், எழுதும் பழக்கத்தை விடாதீர்கள்.

சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணையாக) எழுதினேன். எக்செலில் திறந்தால் தமிழ் குலைந்திருக்கிறது.

எழுதும்போது "யுடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். கோப்பின் தொடக்கத்தில் ஒரு அடையாளக் குறி விழும், எக்செல் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட கோப்பைப் படிக்கும்போதும் அதே பெயரையே கொடுங்கள். வெறும் யுடிஎஃப்-8 என்றால் முதல் தலைப்போடு அந்தக் குறி ஒட்டிக்கொண்டு, "பெயர்" என்ற பத்தியே (நெடுவரிசையே) இல்லை என்று நிரல் சொல்லும். சிஎஸ்வி தொகுதியைப் பயன்படுத்தினால் ஓப்பனில் நியூலைன்="" என்றும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு காலி வரி விழும்.

எக்செலில் கோப்பு திறந்திருக்கும்போதே நிரல் எழுதப் போனால் "பெர்மிஷன்எரர்" வரும். எக்செலை மூடினால் சரியாகும். விண்டோஸில் கோப்புக்குப் பதில் ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தாலும் அதே பிழைதான், அதையும் நினைவில் வையுங்கள்.

பெயரைச் சுத்தம் செய்ய இணையத்தில் ஒரு வரி கிடைத்தது. "இஸ்ஆல்நம்" உண்மை என்று வரும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. "கணக்கு" என்பது "கணகக" ஆகிவிட்டதே?

அந்த வரி ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டது. பைத்தானைப் பொறுத்தவரை க, ண போன்றவை எழுத்துகள். புள்ளியும், உகரக் குறியும், கொம்பும், காலும் எழுத்தோடு சேரும் குறிகள், அவற்றை இஸ்ஆல்நம் எழுத்தாகவும் எண்ணாகவும் ஏற்பதில்லை. எனவே எல்லாவற்றையும் உதிர்த்துவிடுகிறது. பர்மிய எழுத்துக்கும் இதே கதி.

இதில் வெறும் அலங்கோலத்தோடு விஷயம் முடியவில்லை. "பாடு", "படி", "பூடு" மூன்றும் குறி உதிர்ந்தால் "பட" ஆகும். மூன்று கோப்புகள் ஒரே பெயருக்கு வந்து, டபிள்யூவும் சேர்ந்தால் இரண்டு காணாமல் போகும்.

எதை வைக்கலாம் என்று பட்டியல் போடாதீர்கள், எதை விலக்க வேண்டும் என்று போடுங்கள். விண்டோஸ் தடுக்கும் குறிகள் ஒன்பதே: சிறிது, பெரிது என்று காட்டும் இரு கோணக் குறிகள், முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், முன்சாய்கோடு, பின்சாய்கோடு, நேர்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம். இவற்றை ஒரு ஹைஃபனாக மாற்றினால் போதும். பெயரின் முடிவில் முற்றுப்புள்ளியோ வெற்றிடமோ இருந்தால் நீக்குங்கள், விண்டோஸ் அவற்றைத் தானே வெட்டிவிடும், பிறகு பெயர் பொருந்தாது.

தேதியைப் பெயரில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், 12/01/2025 என்று மட்டும் வேண்டாம். சாய்கோட்டைக் கண்டதும் கணினி "12" என்ற ஃபோல்டருக்குள் "01" என்ற ஃபோல்டரைத் தேடும். 2025-01-12 என்று வருடத்தை முன்னால் வையுங்கள். பட்டியலும் கால வரிசையில் தானே அமையும்.

பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைகளில் 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 85 குறிகள்தான், அதுவும் "கோ" என்ற ஓர் எழுத்தே இரண்டு குறி. "அருள்மிகு ஸ்ரீ அங்காள பரமேஸ்வரி அம்மன் ஆலயத் தீமிதித் திருவிழா வரவு செலவு நன்கொடையாளர் பட்டியல்" என்று பக்தியோடு பெயர் வைத்தால் 263 பைட், லினக்ஸ் மறுத்துவிடும். விண்டோஸில் எண்ணும் விதம் வேறு என்பதால் இந்தப் பெயர் அங்கே நிற்கும். முழுப் பெயரைக் கோப்பின் முதல் வரியில் எழுதிவிட்டு, கோப்புக்கு "தீமிதி வரவு 2025" என்று வைப்பதே வசதி.

தவறான பெயர் கொடுத்தால் நிரல் சிவப்பு வரிகளைக் கக்கி நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

ட்ரை, எக்செப்ட் போட்டு, வொய்ல் ட்ரூ சுழற்சிக்குள் வையுங்கள். திறந்தால் பிரேக், ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் வந்தால் செய்தி சொல்லி மறுபடி கேட்க வேண்டும். எல்லாப் பிழையையும் ஒரே எக்செப்டில் விழுங்காதீர்கள். கோப்பு இல்லை என்பதும், அனுமதி இல்லை என்பதும், எழுத்து குலைந்தது என்பதும் பயனருக்கு வெவ்வேறு சேதிகள், அவர் செய்ய வேண்டியதும் வேறு.

செய்தியின் சொற்களில் அக்கறை காட்டுங்கள். "தவறு! மீண்டும் உள்ளிடு" என்று ஒரு பெரியவரை நிரல் அதட்டுவது எனக்குப் பொறுக்காது. "'வரவு' என்ற பெயரில் கோப்பு இந்த ஃபோல்டரில் இல்லை. வேறு பெயர் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் வெறுமனே எண்டர் தட்டுங்கள்" என்று எழுதலாம். அவர் தட்டிய பெயரை மேற்கோளுக்குள் திருப்பிக் காட்டினால் எழுத்துப்பிழை அவருக்கே தெரியும். தேடிய ஃபோல்டரின் பெயரும் கூட இருந்தால் இன்னும் நல்லது. வெளியேற ஒரு வழி கட்டாயம் வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

இங்கே இது அன்றாடக் கேள்வி. "ரைட்" என்று சொன்னதும் எழுத்து வட்டுக்குப் போய்விடுவதில்லை. முதலில் நினைவகத்தில் சேர்ந்து, நிறைந்த பிறகோ கோப்பை மூடும்போதோதான் நகர்கிறது. காலையிலிருந்து கோப்பைத் திறந்துவைத்து நூறு வரவுகளைப் பதிந்து, மூடுவதற்கு முன் கரண்ட் போனால் பெரும்பகுதி போகலாம்.

வரவு ஒவ்வொன்றுக்கும் "ஏ" முறையில் திறந்து, ஒரு வரி எழுதி, உடனே மூடுங்கள். வித் அதைச் செய்துவிடும். இவ்வளவு சிறிய வேலைக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் மூடும் முன் "ஃப்ளஷ்", அதன்பின் ஓஎஸ் தொகுதியின் "எஃப்சிங்க்", இரண்டும் சேர்ந்து வட்டில் எழுதும்படி இயங்குதளத்தை வற்புறுத்தும்.

ஒரு கோப்பைப் படித்து, திருத்தி, அதே பெயரில் எழுதச் சொன்னால் கூடுதல் கவனம் தேவை. டபிள்யூவில் திறந்த கணத்துக்கும் எழுதி முடித்த கணத்துக்கும் நடுவில் விளக்கணைந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆகவே அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் முழுவதையும் எழுதி மூடுங்கள். பிறகு ஓஎஸ் தொகுதியின் "ரிப்ளேஸ்" கட்டளையால் அதைப் பழைய பெயருக்கு மாற்றுங்கள். எழுதும் நேரம் முழுவதும் பழைய கோப்பு அதன் இடத்திலேயே பத்திரமாக இருக்கும். யூபிஎஸ் வாங்க முடியாத இடத்தில் இந்த இரண்டு வரி பெரிய காவல்.

முதல் தடவை ரீட் சொன்னால் வருகிறது, இரண்டாம் தடவை காலியாக இருக்கிறது.

விரல் வைத்துப் படிப்பதுபோல நிரல் கோப்பில் ஓர் இடத்தை வைத்திருக்கிறது, முதல் ரீட் முடிந்ததும் விரல் கடைசியில் நிற்கும். "சீக்(0)" என்றால் தொடக்கத்துக்குத் திரும்பும். அதைவிட, முதல் தடவை படித்ததை ஒரு மாறியில் வைத்துக்கொள்வது எளிது.

ரைட் எண்ணை ஏற்கவில்லை.

எழுத்துச் சரத்தை மட்டுமே ஏற்கும். எஸ்டிஆர் கொண்டு மாற்றுங்கள். வரி முடிவையும் நீங்களே சேர்க்க வேண்டும். பிரிண்ட் கட்டளைக்கு ஃபைல்=கோப்பு என்று கொடுத்தால் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பயனர் பெயருக்குப் பதில் இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு மேல் ஃபோல்டருக்குப் போகிறார். தடுக்க வேண்டுமா?

அவர் சொந்தக் கணினியில் அவர் கோப்புகள், தடுக்கத் தேவையில்லை. பலர் பயன்படுத்தும் கணினியிலோ இணையத்தில் ஓடும் நிரலிலோ கட்டாயம் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் கோப்பை அவர் படிப்பார், அழிக்கவும் செய்வார். பெயரில் எந்தச் சாய்கோடு இருந்தாலும், பெயர் வெறும் இரு புள்ளியாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கோப்பு வைக்கிறோம். பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். எந்தப் பெயரில் கோப்பு வைப்பது?

இரண்டிலும் வேண்டாம். தமிழ்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பர்மியப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, எனவே ஒரே வகுப்பில் இருவருக்கு ஒரே பெயர் வரக்கூடும். அப்போது இரண்டாவது பிள்ளையின் மதிப்பெண் முதல் பிள்ளையின் கோப்பில் போய் விழும்.

சேர்க்கை எண்ணையே கோப்பின் பெயராக்குங்கள்: 0017, 0018 என்று ஒரே அகலத்தில். "பிள்ளைகள்.சிஎஸ்வி" என்று தனியாக ஒரு கோப்பில் எண், தமிழ்ப் பெயர், பர்மியப் பெயர் மூன்றையும் மூன்று பத்தியாக வையுங்கள். ஆசிரியர் எந்தப் பெயரைத் தட்டினாலும் நிரல் இரண்டு பத்தியிலும் தேடி, பொருந்திய பிள்ளைகளை எண்ணோடு காட்டட்டும். அவர் எண்ணைத் தேர்ந்ததும் கோப்பு திறக்கட்டும். ஒப்பிடும்போது மேலே சொன்ன நார்மலைஸையும் ஶ மாற்றத்தையும் செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு பிள்ளையின் பெயரை வீட்டார் திருத்திக் கேட்டால், பிள்ளைகள் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். மதிப்பெண் கோப்பின் பெயரைத் தொட வேண்டியதில்லை.